ஆடு சுணங்கியதை முதலில் பார்த்தது நான், டாக்டரைக் கூப்பிட ஆறு நாள் ஆனது

2024 ஐப்பசியில் என் தொழுவத்தில் நடந்ததை இத்தனை நாள் எழுதாமலே வைத்திருந்தேன். நினைத்தாலே வயிற்றைப் பிசையும். இப்போது எங்கள் மகளிர் குழுவில் நாலு பேர் கடன் எடுத்து ஆடு வாங்கப் போகிறோம் என்று நிற்கிறார்கள். அதில் ஒருத்தி போன வாரம் வீட்டுக்கு வந்து, “அக்கா, ஆட்டை வாங்கிட்டு வந்தா முதல்ல என்ன செய்யணும்?” என்று கேட்டாள். நான் அன்றைக்கு யாரிடமும் அதைக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அதற்கு என் கையை விட்டுப் போனது 55,200 ரூபாயும் ஏழு உயிரும், அப்புறம் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி வைத்திருந்த சினை ஆடும். அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நாங்கள் இருப்பது அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் நூறு நாள் வேலை. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். வீட்டில் நான், அத்தை, ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள். என்னிடம் அப்போதே ஐந்து ஆடு உண்டு, மூன்று தாயும் இரண்டு குட்டியும், எல்லாம் எங்கள் பக்கத்துக் கன்னி ஆடு, கறுப்பு உடம்பில் முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு ஓடும். ஐந்து மாதச் சினை, பெரும்பாலும் இரட்டைக் குட்டி, அவசரத்துக்கு ஒரு கிடாவை விற்றால் பள்ளிக்கூடச் செலவு தாண்டிவிடும். இதைப் பத்தாக்கினால் வீட்டுக்காரர் திருப்பூரை விட்டு வந்துவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். குழுவில் 50,000 ரூபாய் கடன் கிடைத்தது, 24 மாதத் தவணை, மாதம் சுமார் 2,350 ரூபாய். கடன் கொடுப்பதற்கு முன்னால் ஆடு வளர்ப்புப் பயிற்சி இரண்டு நாள் நடந்தது, பட்டியலில் இருந்தது என் பெயர். ஆனால் அது காலை பத்து மணிக்கு, டவுனில். அத்தைக்குக் காய்ச்சல், ஆட்டை மேய்க்க ஆள் இல்லை, அதனால் எனக்குப் பதிலாகக் கொழுந்தன் போய் வந்தார். ஒரு பை, ஒரு நோட்டு, மத்தியானச் சாப்பாடு. திரும்பி வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன், “எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான் மதினி” என்றார். அவர் நல்ல மனுஷன், ஆனால் அவர் ஒரு ஆட்டுக்குக்கூட குழை ஒடித்துப் போட்டவர் இல்லை. அந்தப் பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் இப்படி வீட்டுப் பெண்களுக்குப் பதிலாக வந்த ஆண்கள்தான் என்று பின்னால் தெரிந்தது. உங்கள் பெயரில் பயிற்சி வந்தால் எப்படியாவது நீங்களே போங்கள். போகவே முடியாத நேரத்தில் வைத்தால் நேரத்தை மாற்றச் சொல்லிக் குழுவிலிருந்து கேளுங்கள். நாங்கள் அப்போது கேட்கவில்லை, பிறகு கேட்டோம், மாற்றினார்கள்.

ஐப்பசி பிறந்த முதல் சனிக்கிழமை சந்தைக்குப் போனோம். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இதுவே முதல் தப்பு. தீபாவளி நெருக்கத்தில் கறிக்கென்று பல ஊர் ஆடு ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும், விலையும் ஏறியிருக்கும், மழையும் பிடித்திருக்கும். ஆறு பெட்டை, ஒன்று 8,000 ரூபாய் மேனிக்கு 48,000. பல் மட்டும் பார்த்தேன், இரண்டு பல், நாலு பல் என்று வயசு சரியாக இருந்தது. பார்க்காமல் விட்டது நிறைய. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் வயிற்றில் புழு ரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். வாலுக்குக் கீழே கழிச்சல் காய்ந்து ஒட்டியிருக்கிறதா, மூக்கில் சளி இருக்கிறதா, விட்டுப் பிடித்தால் துள்ளி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தடுப்பூசி போட்டதா என்று கேட்க வேண்டும். சந்தையில் அதற்கு ஒழுங்கான பதில் வராது, ஏனென்றால் அந்த ஆடு வியாபாரி கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, சந்தைக்குப் போகாதீர்கள், பக்கத்து ஊர்களில் வளர்க்கிறவர் பட்டியிலேயே போய் வாங்குங்கள் என்றுதான். ஆட்டுக்கு 500 ரூபாய் கூடப் போனாலும் தாயைப் பார்க்கலாம், கூட நிற்கிற ஆடுகளைப் பார்க்கலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கி, என் கையாலேயே ஆறையும் பழைய ஐந்தோடு ஒரே தொழுவத்தில் அடைத்தேன். மழை தூறியது, நனைய வேண்டாம் என்று நினைத்தேன். ஒரே தொட்டியில் தண்ணீர் வைத்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா, ராத்திரி இரண்டு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளியிலிருந்து வந்த எந்த ஆட்டையும் குறைந்தது 21 நாள் தனியாகக் கட்ட வேண்டும். தனிக் கொட்டகை வேண்டாம், தொழுவத்தை விட்டு நன்றாகத் தள்ளி ஒரு மரத்தடியும் மேலே ஒரு தார்ப்பாயும் போதும். தனித் தொட்டி, தனி வாளி. முதலில் பழைய ஆட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு, கடைசியாகப் புது ஆட்டிடம் போக வேண்டும், போய் வந்து கை கால் கழுவ வேண்டும். நோய் உடம்பில் புகுந்தாலும் வெளியே தெரியச் சில நாள் ஆகும், அந்த நாட்களைத் தாண்டுவதற்குத்தான் இந்தத் தனிமை. இதற்கு ஒரு பைசா செலவு இல்லை. என் 55,200 ரூபாய் அந்த ஒரு சாயங்காலத்தில் போனதுதான்.

புதன்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் எல்லாம் முட்டிக்கொண்டு வெளியே வந்தன, புதுசில் ஒன்று மட்டும் மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. ரோமம் சிலிர்த்திருந்தது, அசை போடவில்லை, மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகியது. காதைத் தொட்டால் சுட்டது. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சரியில்லை. தினமும் புழுக்கை அள்ளுகிறவளுக்குத் தெரியாதா. ஆனால் தெரிந்து என்ன செய்ய முடிந்தது? வீட்டில் இருந்த ஒரு போன் மகள் படிப்புக்கென்று அவள் பொறுப்பில் இருந்தது, கால்நடை ஆஸ்பத்திரி நம்பர் கொழுந்தன் நோட்டில் இருந்தது, செலவு என்றால் திருப்பூரில் கேட்க வேண்டும். வீட்டுக்காரரிடம் ராத்திரி சொன்னேன், தம்பியிடம் கேள் என்றார். வியாழக்கிழமை கொழுந்தன் வந்து பார்த்தார். “மழையில நனைஞ்சிருக்கு மதினி, சளிதான். ரெண்டு நாள்ல சரியாயிரும்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. இதை எழுதும்போதும் அதுதான் எனக்கு ஆறவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததை என் வாயால் அழுத்திச் சொல்ல எனக்கு அன்றைக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு ஆடு சுணங்கிவிட்டன. டாக்டருக்குப் படிக்காத, ஊர் ஊராக ஊசி போடுகிற ஒருவரைக் கூட்டி வந்தார்கள், ஆட்டுக்கு 600 மேனி 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். என்ன மருந்து என்று சொல்லவில்லை, சீட்டும் இல்லை. சனிக்கிழமை அந்த முதல் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தேன். ஈறிலும் உதட்டின் உள்பக்கமும் தவிட்டைக் குழைத்து அப்பினது மாதிரி ஒட்டியிருந்தது, விரலால் தொட்டதும் அடியில் சிவப்பாகப் புண், வாயில் தாங்க முடியாத நாற்றம். கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னாடி தண்ணீராகக் கழிந்தது. ஞாயிறு விடியற்காலை அது செத்துக் கிடந்தது. திங்கள்கிழமை ஒரு வியாபாரி வந்து, சுணங்கி நின்ற ஒன்றை 1,500 ரூபாய்க்குக் கேட்டார், கொடுத்துவிட்டோம். நானும் சம்மதித்தேன். அந்த ஆடு எந்த ஊருக்குப் போனது, எத்தனை ஆட்டோடு நின்றது என்று எனக்குத் தெரியாது. 1,500 ரூபாய்க்காக இன்னொரு பொம்பளையின் தொழுவத்துக்கு நோயை அனுப்பியிருப்பேன் என்பது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. நோய்கண்ட ஆட்டை விற்காதீர்கள், யார் எவ்வளவு கொடுத்தாலும்.

செவ்வாய்க்கிழமை என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “அம்மா, 1962க்குப் போன் பண்ணுவோமா?” என்றாள். கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர், பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்தான் பேசினேன், கை நடுங்கியது. ஊர்ப் பெயர், எத்தனை ஆடு, என்ன அறிகுறி என்று கேட்டார்கள், அன்றைக்கே வண்டி வந்தது. டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்துவிட்டு, காய்ச்சல் பார்த்தார், 105 டிகிரிக்கு மேலே. “ஆட்டுக்கொல்லிம்மா. புது ஆடு எப்போ வந்துச்சு?” என்றுதான் முதல் கேள்வி. பி.பி.ஆர். என்று சொல்கிற வைரஸ் நோய் இது. வைரஸை நேரடியாகக் கொல்ல மருந்து கிடையாது, மேலே வந்து சேருகிற நிமோனியாவுக்கும் கழிச்சலுக்கும் மருந்து கொடுத்து, உடம்பில் நீர் வற்றாமல் தாங்கிப் பிடித்தால் சில பிழைக்கும் என்றார். மனிதருக்குத் தொற்றாது. ஆனால் ஆட்டுக்கு ஆடு மூச்சிலும் மூக்குச் சளியிலும் சாணியிலும் பரவிவிடும். இதற்குத் தடுப்பூசி உண்டு, மூன்று நாலு மாதக் குட்டியிலிருந்து போடலாம், ஒரு ஊசி ஏறக்குறைய மூன்று வருஷம் காக்கும், அரசு முகாமில் காசில்லாமலே போடுகிறார்கள். 2030க்குள் உலகத்தை விட்டே இந்த நோயை ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்களாம். எனக்கு அதைக் கேட்டு அழுகைதான் வந்தது.

தீபாவளி அன்றைக்கு ஊரெல்லாம் வெடிச் சத்தம், நான் கொல்லையில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சொன்னபடி ஆழமான குழி, அடியிலும் மேலேயும் சுண்ணாம்பு, நாய் தோண்டாதபடி முள். மீதி ஆடுகளைப் பிரித்துக் கட்டி, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும், தலையைச் சமமாக வைத்துக் கடைவாயில் மெல்ல விட வேண்டும். வாய்ப்புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவி விட்டேன், புண் வாயால் குழை கடிக்க முடியாது என்பதால் நொய்க்கஞ்சியைக் கையில் எடுத்து நாக்கில் தடவினேன். பதினைந்து நாள் நான் பாயில் படுக்கவில்லை. கடைசியில் புதுசில் நாலு செத்தன, ஒன்று விற்றுப் போனது, ஒன்று பிழைத்தது. பழசில் ஒரு தாயும் இரண்டு குட்டியும் போயின, இரண்டு தாய் பிழைத்தன. நாலு புது ஆடு 32,000, விற்றதில் நட்டம் 6,500, பழைய தாய் 8,000, குட்டிகள் 5,000, ஊசியும் மருந்தும் 3,700. மொத்தம் 55,200. இதில் நான் வேலைக்குப் போகாத நாட்களைச் சேர்க்கவில்லை.

இன்சூரன்ஸ் கதையும் சொல்ல வேண்டும். கடன் வாங்கும்போதே பிரீமியம் பிடித்திருந்தார்கள், ஆட்டுக் காதில் அடையாளக் கம்மலும் போட்டிருந்தார்கள், அதனால் பயம் இல்லை என்று நினைத்திருந்தேன். நான் எடுத்திருந்த பாலிசியில் முதல் 15 நாளில் நோய் வந்து செத்தால் பணம் கிடையாது. செத்த என் புது ஆடுகள் நாலும் அந்த 15 நாளுக்குள்ளேயே போய்விட்டன. அது தெரியாமல் நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு நாலு தடவை டவுனுக்கு அலைந்தேன். நாலாவது தடவைதான் ஒருவர் பொறுமையாக அந்த வரியைப் படித்துக் காட்டினார். பாலிசியும் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது, ஒவ்வொரு தடவையும் “அவரை வரச் சொல்லுங்க” என்றார்கள். எனவே கையெழுத்துப் போடும் முன்னாலேயே கேளுங்கள், எந்தத் தேதியிலிருந்து செல்லும், நோய்க்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், செத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். காதில் கம்மல் இல்லாவிட்டால் பணம் இல்லை, விழுந்தால் உடனே சொல்லி வேறு போட வேண்டும். டாக்டர் வந்து அறுத்துப் பார்த்துச் சான்று கொடுக்கும் வரை புதைக்கக் கூடாது. ஆடு யார் கையில் வளர்கிறதோ அவர் பெயரில் கடன், கம்மல், பாலிசி, பாஸ்புக் எல்லாம் இருக்கட்டும். இதற்காக வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை, படிவம் நிரப்பும்போதே நம் பெயரைச் சொன்னால் போதும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கஷ்டமானது பாட்டி விஷயம். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறார், கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஆதரவற்ற பெண்களுக்கு அரசு முழு மானியத்தில் ஐந்து ஆடு கொடுத்த திட்டத்தில் அவருக்குக் கிடைத்ததில் இரண்டு மிச்சம் இருந்தது, இரண்டும் சினை. என் ஆடும் அவர் ஆடும் ஒரே கண்மாய்க் கரையில்தான் மேயும். என் தொழுவத்தில் நோய் என்று தெரிந்த நாளே நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, ஊர் என்னைத் தூற்றும் என்று பயந்தேன். கார்த்திகை முதல் வாரத்தில் அவர் ஆடு ஒன்று குட்டியைக் குறைமாதத்தில் தள்ளிவிட்டுச் செத்தது. நான் போய் அழுதேன். பாட்டி திட்டவில்லை. “நீ சொல்லியிருந்தா நான் கட்டிப் போட்டு குழை ஒடிச்சிருப்பேனே தாயி” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த வருஷம் கோடையில் நடந்த தடுப்பூசி முகாமுக்கு அவரும் வரவில்லை, நானும் போகவில்லை. முகாம் கோயில் மைதானத்தில் காலை ஒன்பது மணிக்கு நடந்தது, நான் நூறு நாள் வேலையில் இருந்தேன். பாட்டி இருப்பது காலனியில், அங்கே ஆட்டை ஓட்டிக்கொண்டு வர அவருக்குத் தயக்கம். முகாம் நடந்ததாகக் கணக்கில் இருக்கும், எங்கள் இரண்டு பேர் ஆட்டுக்கும் ஊசி விழவில்லை.

இதைக் குழுவில் பேச எனக்கு மூன்று மாதம் ஆனது. பேசினபிறகு நடந்தது வேறு. நாங்கள் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு, முகாமைக் காலை ஆறரைக்கு, ஒரு தடவை ஊருக்குள், ஒரு தடவை காலனியில் வைக்கும்படி கால்நடை மருந்தகத்தில் கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள். முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்வதை நானும் இன்னொருத்தியும் எடுத்துக்கொண்டோம். குழுவில் போலியோவால் கால் நடக்க முடியாத தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், மேய்ச்சலுக்குப் போக முடியாது என்று அவளுக்கு யாரும் ஆட்டுக் கடன் கொடுக்க முன்வரவில்லை. இப்போது யார் ஆட்டுக்கு எப்போது ஊசி, எப்போது குடற்புழு மருந்து என்ற நோட்டு அவளிடம்தான் இருக்கிறது, வீட்டு வாசலிலேயே இரண்டு குட்டியைக் கட்டிப் போட்டு அகத்தியும் சவுண்டல் குழையும் கொடுத்து வளர்க்கிறாள், அவள் குட்டிதான் எங்கள் எல்லாரையும் விடக் கனம். எனக்கென்று ஒரு பட்டன் போன் வாங்கிக்கொண்டேன். 1962யும் மருந்தக நம்பரும் தொழுவத்துத் தூணில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் வைத்திருக்கிறேன், ஆசன வாயில் வைத்துப் பார்த்தால் நல்ல ஆட்டுக்கு 102லிருந்து 103½ வரை இருக்கும், 104ஐத் தாண்டினால் யாரிடமும் கேட்காமல் போன் போடுகிறேன். “சளிதான்” என்று சொல்கிறவரிடம் எண்ணைக் காட்டினால் மறுபேச்சு வராது, இதில் ஒரு தெம்பு இருக்கிறது. கொழுந்தனே இப்போது அவர் மாமனார் வீட்டு ஆட்டுக்கு என்னைக் கூப்பிடுகிறார்.

கடன் இன்னும் முடியவில்லை, இல்லாத ஆட்டுக்குத் தவணை கட்டுகிறேன், கட்டுகிற நாளில் மனசு கசக்கத்தான் செய்கிறது. பிழைத்த மூன்றும் ஈன்று இப்போது ஏழு உருப்படி நிற்கிறது. பாட்டிக்கு ஒரு பெட்டைக் குட்டி கொடுத்தேன், முதலில் வாங்க மாட்டேன் என்றார், அப்புறம் தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். போன மாதக் கடைசியில் பக்கத்து ஊர்ப் பட்டியிலிருந்து இரண்டு பெட்டை வாங்கினேன், இந்தத் தடவை என் காசில். வேப்பமரத்தடியில் தார்ப்பாய்க்குக் கீழே தனியாகக் கட்டியிருக்கிறேன், காலண்டரில் மகள் தினமும் ஒரு கோடு போடுகிறாள். இன்றைக்குப் பதினொன்று.